பாதையில் ஓடிய கார்

வாகன மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுவதற்கு முன் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று விசாரித்தேன். பதில் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். பழைய ஜெர்மன் சொகுசுக் கார் வாங்க வருகிறவருக்கு, போட்டி போடும் அந்த மூன்று கம்பெனிகளில் எதைச் சொல்லலாம்?

வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முற்றத்தில் இரண்டு தரம் நடந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் மிக நல்ல பதில் ஒன்று இருந்தது. நான்கு பக்கம், அட்டவணையோடு. அந்தப் பதிலால்தான் ஒரு மனிதன் கட்டாருக்குத் திரும்பிப் போனான்.

உங்கள் கேள்வியை முதலில் தீர்த்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரை அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த மூன்றையும் எங்கள் பக்கத்துக் கராஜ்களில் மூத்தவர், நடுவிலவர், கடைக்குட்டி என்பார்கள். மூத்தவரில் ஏறினால் கட்டிலில் படுத்த சுகம். வயது போனால் காற்றுத் தாங்கிகள் இளகி, காலையில் பார்க்கும்போது ஒட்டகம் மாதிரி ஒரு பக்கம் குந்தியிருக்கும். நடுவிலவர் ஓட்டுகிறவனுக்காகப் பிறந்தவர், பின்னால் இருப்பவனைப் பற்றி அக்கறையில்லை. வயது போனால் நின்ற இடமெல்லாம் எண்ணெயால் கையொப்பம் போடுவார். கடைக்குட்டியின் உள்வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கியர்ப்பெட்டிக்கு மட்டும் எங்கள் வெயிலும் சந்தை நெரிசலும் ஒத்துவராது. மூவருக்கும் பொதுவான நோய் ஒன்றுண்டு, அது முதுமை. மூவருக்கும் பொதுவான வைத்தியர் கொழும்பில் இருக்கிறார். அவ்வளவுதான். இதைச் சொல்ல மதிப்பீட்டாளன் தேவையில்லை. கைத்தொலைபேசியில் வீடியோ போடுகிற யாரும் இதைவிட நன்றாகச் சொல்வான், பின்னால் பாட்டும் போடுவான்.

இனி நான் சொல்ல வந்தது.

நசீர் என்று வைத்துக்கொள்வோம். ஏறாவூர் ஆள். கட்டாரில் ஒரு பணக்கார வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் சாரதி. அந்த வீட்டு வாசலில் மூன்று கம்பெனிக் கார்களும் நிற்குமாம், மூன்றையும் ஓட்டியிருக்கிறார். திரும்பி வந்தவர் எங்கள் லீசிங் கம்பெனிக்கு வந்தார். வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் அது. பழைய காரெல்லாம் புதுக் காரின் மிடுக்கோடு நின்றன.

"கலியாண ஹயருக்கு சேர்," என்றார். "காத்தான்குடியில இருந்து ஓட்டமாவடி மட்டும் எந்த மாப்பிள்ளையும் இப்ப ஜெர்மன் கார் இல்லாம பொண்ணு ஊட்டுக்குப் போறல்ல. இந்தப் பக்கத்துல ரெண்டு மூணு காருதான் ஓடுது. நான் ஒண்ட எடுத்தா காணும், புழைச்சிக்குவன்."

"வானும் ஓடலாமே," என்றேன். "செலவு குறைவு."

"வான்ல மாப்பிள்ளைய ஏத்தினா மீன் யாவாரத்துக்குப் போறான் எண்டுவாங்க."

சிரித்தோம். பிறகு அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். "எனக்கு இனிப் பயணம் போக ஏலாது சேர். மகளுக்கு அஞ்சு வயசு. வந்து ரெண்டு மாசம். நேத்து என்னப் பாத்து, 'நீங்க எப்ப வாப்பா போற?' எண்டு கேக்குது. கோவத்துல இல்ல, சும்மா கேக்குது. நான் போறவன் எண்டுதான் அதுக்குத் தெரியும்."

அந்தக் காரில் என்ன ஏறியிருந்தது என்று உங்களுக்கு விளங்குகிறதா? எனக்கு அன்று விளங்கியது. விளங்கியும்தான் செய்தேன்.

அவர் மூன்று காரைப் பார்த்து வைத்திருந்தார், கம்பெனிக்கு ஒன்றாக. ஒன்று வாழைச்சேனையில் ஒரு படகுச் சொந்தக்காரரிடம். மற்றது காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்காரரிடம். மூன்றாவது படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், வெல்லாவெளிக்குப் போகிற வழியில், நெல் மில் வைத்திருந்த ஒருவரிடம். "மூணுல எது நல்லம் எண்டு நீங்க செல்லுங்க. நீங்க செல்றத எடுக்கிறன்," என்றார்.

அப்படி ஒருவர் சொன்னால் தலை சுற்ற வேண்டும். எனக்குத் தலை நிமிர்ந்தது. முப்பது வருடத்தில் நான் எழுதிய மிகச் சிறந்த ஒப்பீடு அதுதான். எந்த உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், எது எத்தனை வருடத்தில் படுக்கும், விற்கப் போனால் எது பெயரைக் காப்பாற்றும், எல்லாம் இருந்தது. கம்பெனிகளைப் பற்றி அதில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

மூன்று காரையும் போய்ப் பார்த்தேன். வாழைச்சேனைக் காரை நான் சந்தேகப்பட்டேன், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, உப்புக் காற்று. காத்தான்குடிக் கார் இரண்டு சொந்தக்காரர் மாறியது. மில்காரரின் கார் ஒரே கை, வரவேற்பறைத் தளபாடம் மாதிரி துடைத்து வைத்திருந்தார். அத்தனை வருடத்துக்கு அது ஓடிய தூரம் மிகக் குறைவு. கடற்கரையில் இருந்து அவ்வளவு உள்ளுக்கு உப்பு எங்கே வரப்போகிறது? பட்டிருப்புப் பாலத்தால் ஏறி, பழுகாமம் தாண்டி, தார் வீதியால் வசதியாகப் போய் வசதியாகத் திரும்பினேன்.

எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவர், வாகனத்தைத் தொடாமலே மதிப்பிடுகிற வித்தை தெரிந்தவர், உருப்படியாக ஒன்றே ஒன்று சொல்லித் தந்தார். ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழு, வெள்ளத்தில் நின்ற வாகனம் என்றால் அந்தக் கடைசிச் சாணில் சேறு இருக்கும். இழுத்துப் பார்த்தேன். புதுப் பட்டி மாதிரி இருந்தது. வாசனையும் பிடித்துப் பார்த்தேன். காருக்கு அடியில் டோர்ச் அடித்தேன். இந்த மூன்று கம்பெனிகளும் காரின் வயிற்றை பிளாஸ்டிக் தட்டுகளால் மூடித்தான் அனுப்பும். தட்டு தெரிந்தது. தட்டு உடையவில்லை என்று எழுதினேன். தட்டைக் கழற்றிப் பார் என்று நடைமுறைக் கோவையில் இல்லை. அந்தக் கோவை முழுவதும் எனக்கு மனப்பாடம் என்றபடியால், இல்லாததைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விற்பவர் நிரப்பித் தரும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. வாகனம் பெரும்பாலும் எங்கே பாவிக்கப்பட்டது? வேறு ஆட்கள் 'குடும்பப் பாவனை', 'கடை அலுவல்' என்று எழுதுவார்கள். மில்காரர் இரண்டே சொல் எழுதியிருந்தார்: 'தினமும் பாதையில்'.

கந்தோர் மேசையில் இருந்து அதை வாசித்துச் சிரித்தேன். பக்கத்து மேசைக்கும் காட்டினேன். "பாதையில ஓடாம பின்ன ஆகாயத்திலயா ஓடும்?" கொழும்புக்குப் போகும் ஆங்கில அறிக்கையில் அந்த இடத்தில் 'தார் வீதி' என்று மொழிபெயர்த்து, நல்ல தமிழ் தெரியாதவர்களை மன்னித்துக் கையொப்பம் இட்டேன்.

நசீர் அந்தக் காரை எடுத்தார். அது மூத்தவரா, நடுவிலவரா, கடைக்குட்டியா என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அந்தக் கம்பெனியை ஏசிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்துவிடுவீர்கள்.

ஏழு கலியாணம் ஓடியது. எட்டாவது, ஓட்டமாவடியில் பெண் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார், ஆகவே அந்தப் பயணம் சின்னப் பயணமில்லை. முன் ஆசனத்தில் மாப்பிள்ளையின் வாப்பாவுடைய மச்சான், பின்னால் வெள்ளைக் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை, அதற்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு வாகனம். வழியில் ஒரு மாட்டுப் பட்டி வீதியைக் கடந்தது. நசீர் பிரேக்கை மிதித்தார். மிதி பாதி தூரம் இறங்கியது, பிறகு முழுத் தூரமும் இறங்கியது. முன்னால் மாடுகள், மாடுகளுக்கு நடுவில் அவற்றைச் சாய்த்துக்கொண்டு வந்த ஒரு கிழவர். கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, அந்த மனிதர் காரை வீதியால் கீழே வட்டைக்குள் இறக்கினார். நெல் வயலுக்குள் முன்சில்லு இரண்டும் புதைந்து நின்றது கார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பத்து வருடம் நல்ல சாரதியாக இருந்த கை அது, என் அறிக்கை காப்பாற்றாத உயிர்களை அந்தக் கை காப்பாற்றியது.

மாப்பிள்ளை முழங்கால் வரை சேற்றோடு கரையேறினார். அந்த மச்சான்காரர் சொன்னது அன்றைக்கு அசர் தொழுகைக்கு முன்னமே ஏறாவூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது: "மாப்பிள்ளைய வட்டைக்குள்ள எறக்கியிருக்கு. பொண்ணு ஊட்டுக்காரன் இனி இந்த வயலையும் சீதனத்துல சேத்துத்தான் எழுதணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் காருக்கு 'வட்டைக் கார்' என்று பெயர். வட்டைக் காரில் எந்த மாப்பிள்ளை ஏறுவான்?

அடுத்த நாள் கராஜில் காரைத் தூக்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். கராஜ்காரர், நரைத்த தாடிக்காரர், அடித்தட்டின் ஆணிகளைக் கழற்றினார். தட்டைச் சரித்ததும் என் சப்பாத்துக்கு முன்னால் ஒரு கடகம் சேறு கொட்டியது. கறுப்புச் சேறு, காய்ந்து கட்டியானது. அதற்குள் ஊரி, ஆற்றுச் சிப்பியின் சின்ன ஓடுகள். காய்ந்த ஆற்றுவாழை வேர். பிரேக் குழாய் இருந்த இடத்தில் குழாயின் வடிவத்தில் துரு இருந்தது. கராஜ்காரர் விரலால் தொட்டார், உதிர்ந்தது.

"இது வட்டைச் சேறு இல்ல சேர்," என்றார். "ஆத்துச் சேறு. நேத்து வந்ததுமில்ல. இவன் இந்தக் கார வருசக் கணக்குல ஆத்துல குளிப்பாட்டியிருக்கான்."

நசீர் ஒரு ஊரியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

அப்படியே நசீரையும் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனேன். வழி முழுக்க மில்காரரைத் திட்டினேன். பழைய சட்டப் பிரிவுகளையெல்லாம் சொல்லித் திட்டினேன். மில்காரர் உமி தூசி படிந்த சறத்தோடு வெளியே வந்தார். காரை வாவியில் விட்டதை ஏன் மறைத்தீர் என்று கேட்டேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

அவருக்கு அதைவிட உயர்ந்தது. "ஆரு மறைச்ச? நீங்க தந்த கடுதாசியில நான் எழுதித் தந்தனான். 'தினமும் பாதையில' எண்டு எழுதிக் கிடக்கும், எடுத்துப் பாருங்க. என்ட அரிசிக் கடை கிடக்கிறது அங்கால் கரையில. பாலத்தால சுத்திப் போனா எவ்வளவு தூரம்? பாதையில ஏத்தித்தான் போனன், பாதையில ஏத்தித்தான் வந்தன். மாரியில துறையில தண்ணி ஏறினா அரைச் சில்லுத் தண்ணிக்குள்ளால இறக்கித்தான் ஏத்த வேணும். இத நீங்க பாக்கயில்லயெண்டா மறுகா என்னத்துக்கு உங்களுக்குக் கந்தோர்?"

மட்டக்களப்பார் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை, வெளியூரில் இருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வாவியை நாங்கள் ஆறு என்போம். ஆற்றின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகிற தட்டையான மிதவைக்குப் பாதை என்போம். பாதை வரட்டும், பாதை போய்விட்டது, பாதை பழுது. வாவிக்குள் கடல் வருகிறது, ஆகவே அந்தத் தண்ணீர் உப்பு.

எனக்கு இது தெரியாமலா? தாய் வீட்டு ஆட்களோடு பாதையில் ஏறி இறங்கி வளர்ந்தவன் நான். மில்காரர் அந்தச் சொல்லை வாயால் சொல்லியிருந்தால் அந்த நொடியே விளங்கியிருக்கும். படிவத்தில் வாசித்தபடியால் விளங்கவில்லை. கந்தோர் மேசையில் இருக்கும்போது நான் புத்தகத் தமிழ் படித்தவன். சந்தைத் தமிழ் பேசுகிறவன் அந்த மேசைக்கு வருவதில்லை. ஆற்றங்கரையில் பிறந்தவன் ஒருவன், ஆற்றங்கரைக்காரன் எழுதியதைக் கொழும்புக்காரன் மாதிரி வாசித்துச் சிரித்திருக்கிறான்.

ஓடிய தூரம் குறைவு என்று மெச்சினேனே, அது ஏன் குறைந்தது? ஒரு கரையில் வீடு, மறு கரையில் கடை, தினமும் போய் வருகிற மனிதன். இவ்வளவு குறைந்த தூரத்தில் எப்படிப் போய் வந்தான்? இந்தக் கேள்வியைக் கேட்கப் பள்ளிக்கூடக் கணக்குக் காணும். அந்தக் காரைப் பற்றி நான் புகழ்ந்து எழுதிய ஒவ்வொன்றும் அதன் நோயின் அடையாளம். நான் கம்பெனிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாழைச்சேனைக் காரை உப்புக் காற்றுக்காகத் தள்ளிவிட்டு, உப்புத் தண்ணீருக்குள் வளர்ந்த காரைத் தெரிந்தெடுத்தேன்.

இது வரைக்கும் பிழை. பிழை யாருக்கும் வரும். இனிச் சொல்லப் போவது பிழையில்லை, அதற்கு வேறு பெயர்.

எங்கள் கம்பெனி விதியில் ஒரு வரி இருந்தது. மதிப்பீட்டாளர் தன் அறிக்கை தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், லீசிங்கை இரத்துச் செய்து வாகனத்தைக் கம்பெனி திருப்பி எடுக்கலாம். அந்த விதிகளை எழுதிய குழுவில் நானும் இருந்தேன், அந்த வரியின் காற்புள்ளி கூட என்னுடையது. முகாமையாளரிடம் போனேன். அவர் என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "நடைமுறைப்படி ஒரு குறையும் இல்லையே," என்றார். "இத நீங்க எழுதித் தந்தீங்க எண்டா, உங்கட மற்ற அறிக்கை எல்லாத்தையும் தலைமைக் கந்தோர் தோண்டும். ஓய்வுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அண்ணன்."

யோசித்தேன். கடிதத்தை அன்றைக்கே எழுதி முடித்தேன், ஒரு பக்கம்தான். எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன். பதினொரு நாள் அது லாச்சிக்குள் கிடந்தது. 'தவறு' என்ற சொல்லை 'கவனக்குறைவு' என்று மாற்றினேன். 'கவனக்குறைவு' என்பதை 'பிரதேசச் சொல் வழக்கினால் ஏற்பட்ட விளக்கக் குழப்பம்' என்று மாற்றினேன். தமிழ் தெரிந்தவனுக்கு ஒளிந்துகொள்ள எத்தனை அறைகள் இருக்கின்றன பாருங்கள். நசீர் இரண்டு தரம் அழைத்தார். முதல் தரம், "பாத்துக்கொண்டிருக்கிறன் தம்பி," என்றேன். இரண்டாம் தரம் எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், முதலில் எழுதிய 'தவறு' என்ற சொல்லையே திரும்பப் போட்டு முகாமையாளரின் மேசையில் வைத்தேன். தலைமைக் கந்தோர் தோண்டவில்லை. ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. நான்கு நாளில் லீசிங்கை இரத்துச் செய்தார்கள், காரைத் திருப்பி எடுத்தார்கள். அவ்வளவு சுலபம். எனக்கு வந்த தண்டனை, ஒன்றும் வரவில்லை என்பதுதான்.

ஏறாவூருக்கு நானே போய்ச் சொன்னேன். நசீர் ஒழுங்கையில் நின்றார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்லம் சேர். போன கிழமை வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"ஏன்?"

"பழைய முதலாளி ஆள் தேடினாரு. லீசிங் தவணை கட்ட வழியில்ல, நீங்களும் போன் எடுக்கல்ல எண்டதும் ஓம் எண்டிட்டன். பாஸ்போட்டக் குடுத்து, ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்தும் வெச்சாச்சு. இனி இல்ல எண்டு செல்ல ஏலாது." பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரிச் சிரித்தார், அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. "மகளுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைச்சிட்டு. பதினெட்டாம் திகதி."

இதை உங்களுக்கு எழுதுவது பாதை என்றால் மிதவை என்று சொல்லித்தர அல்ல. அந்தச் சொல்லை நீங்கள் பிழையாக வாசிக்க மாட்டீர்கள், வேறொன்றை வாசிப்பீர்கள். படிவத்தில் ஒரு பதில் உங்களுக்குச் சிரிப்பாகத் தெரிந்தால், சிரிக்கும் முன் எழுதியவனுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். எங்கே வீடு, எங்கே தொழில், இடையில் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள். அடித்தட்டைக் கழற்றுங்கள், ஆணி போனால் உங்கள் காசில் ஆணி வாங்குங்கள். பிழை விட்டது தெரிந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நல்ல சொல் தேடாதீர்கள்.

போன நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் நசீர் கட்டாரில் இருந்து அழைத்தார். வீடியோ அழைப்பு. பெரிய மதில், வெயில், துடைத்த கார்கள் வரிசையாக. தொலைபேசியை மெல்லத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"மூத்தவர் நிக்காரு சேர். நடுவிலவர் நிக்காரு. கடைக்குட்டியும் நிக்காரு. எல்லாம் புதுசு, ஒண்டிலயும் ஒரு குறை இல்ல." திரையில் அவர் முகம் வந்தது. "செல்லுங்க சேர், இதுல எது நல்லம்?"